ஏடேட்டா சிப் செய்வதில்லை, சரி. அப்புறம் என்னதான் செய்கிறது?

நீங்கள் கேட்ட கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிடிஆர்4 ரக ராம் போடுகிற லேப்டாப் ஒன்று, அதில் 8 ஜிபி ராம் இருக்கிறது, இன்னொரு 8 ஜிபி சேர்க்க வேண்டும், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு 1 டிபி எஸ்எஸ்டி போட வேண்டும். கடைக்காரர் ஏடேட்டா என்ற பிராண்டை எடுத்து நீட்டுகிறார். கூட வந்த நண்பர், "இவன் தைவான்காரன், சொந்தமா ஒரு சிப்கூட செய்ய மாட்டான், வாங்கி ஒட்டி விக்கிறவன்" என்று சொல்லிக் கலக்கிவிட்டார். வாங்கலாமா, வேண்டாமா? ராம் விலை வேறு ஏன் இப்படிக் கொதிக்கிறது?

நண்பர் சொன்ன தகவல் சரி. அதை வைத்துக்கொண்டு அவர் போன முடிவுதான் சரியில்லை. ஏடேட்டா ராம் சிப் செய்வதில்லை, உண்மை. கிங்ஸ்டனும் செய்வதில்லை. டிரான்சென்ட், டீம் குரூப், ஏபேசர், சிலிக்கான் பவர், ஜிஸ்கில், கோர்சேர், இவர்களில் ஒருவர்கூடச் செய்வதில்லை. உலகத்தில் டிராம் சிப்பை, அதாவது ராமில் இருக்கும் மெமரி சிப்பை, பெரிய அளவில் செய்கிறவர்கள் மூன்றே பேர்: கொரியாவின் சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான். ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இந்த மூவர் கையில்தான். மிச்சத்தில் சீனாவின் சிஎக்ஸ்எம்டி வேகமாக வளர்ந்து வருகிறது, தைவானின் நான்யாவும் வின்பாண்டும் ஓரமாக ஒரு இடம் பிடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எஸ்எஸ்டிக்கும் பென் டிரைவுக்கும் போகிற நாண்ட் ஃபிளாஷ் என்று எடுத்தாலும் அதே மூவர், அவர்களோடு ஜப்பானின் கியாக்ஸியா, அதனோடு கூட்டாக ஆலை நடத்தும் சான்டிஸ்க், சீனாவின் ஒய்எம்டிசி. அவ்வளவுதான் உலகம்.

நகைக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டு, உங்களுக்குச் சொந்தமாகத் தங்கச் சுரங்கம் இருக்கிறதா என்று யாராவது கேட்கிறோமா? 916 முத்திரை இருக்கிறதா, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, திருப்பிக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வீர்களா என்றுதான் கேட்கிறோம். ராம் வியாபாரமும் கிட்டத்தட்ட இதேதான், விலை தினமும் ஏறி இறங்குவது உட்பட. இந்தத் தொழிலில் இருப்பவர்களை மாட்யூல் கம்பெனி என்பார்கள். சிப்பை வாங்கி, தரம் பிரித்து, பலகையில் ஏற்றி, சோதித்து, பெட்டியில் போட்டு, கெட்டுப்போனால் மாற்றிக் கொடுப்பது அவர்கள் வேலை.

அந்த வேலையில் என்ன பெரிய சாமர்த்தியம் என்று கேட்டால், ஒரு ராமைக் கையில் எடுத்துப் பாருங்கள். லேப்டாப்புக்கு வருகிற டிடிஆர்4 என்றால் விரல் நீளத்துக்குப் பச்சையோ கறுப்போ ஒரு பலகை, அடியில் தங்க முலாம் பூசிய 260 பின்கள். (கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகாமல் பீப் அடித்தால் பென்சில் அழிக்கிற ரப்பரை வைத்து அந்தப் பின்களைத் தேய்த்துத் திரும்பச் செருகுவது எல்லா மெக்கானிக்குக்கும் தெரிந்த முதல் வைத்தியம், பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.) மேலே நான்கோ எட்டோ கறுப்புச் சிப்கள், அவற்றைச் சுற்றிக் கடுகைவிடச் சிறிய ரெசிஸ்டர்களும் கபாசிட்டர்களும். இவற்றுக்கு நடுவில் யார் கண்ணிலும் படாத குட்டிச் சிப் ஒன்று இருக்கும். அதன் பெயர் எஸ்பிடி. அந்த ராமின் ஜாதகமே அதற்குள்தான் எழுதியிருக்கும்: யார் செய்தது, எத்தனை ஜிபி, எந்த வேகத்தில் ஓடும், எத்தனை வோல்ட் வேண்டும். கம்ப்யூட்டர் எழுந்ததும், அதைக் கிளப்பிவிடுகிற பயாஸ் என்ற நிரல் முதலில் இந்த ஜாதகத்தைப் படித்துத்தான் ராமோடு பேசவே ஆரம்பிக்கிறது. எழுதியதற்கும் சிப்பின் உண்மையான குணத்துக்கும் பொருந்தவில்லை என்றால் மாதத்துக்கு இரண்டு முறை கம்ப்யூட்டர் நின்றுபோய் நீலத்திரை வரும், எதனால் என்று கடைசி வரைக்கும் பிடிபடாது. சாஃப்ட்வேர் கோளாறு என்று விண்டோஸை நான்கு முறை திரும்பப் போட்டவர்களை எனக்குத் தெரியும்.

சிப்பை வாங்குவதிலும் பல படிகள் உண்டு. ஆலையில் ஒரு வேஃபரிலிருந்து, அதாவது வட்டமான சிலிக்கான் தட்டிலிருந்து, வெட்டியெடுக்கும் சிப்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. சூட்டிலும் குளிரிலும் வைத்து முழுச் சோதனையும் தாண்டியவை முதல் தரம், அவை சர்வருக்கும் பெரிய லேப்டாப் கம்பெனிகளுக்கும் போகும். பாதிச் சோதனையோடு நிறுத்தி, மிச்சத்தை நீயே பார்த்துக்கொள் என்று குறைந்த விலைக்குக் கொடுப்பவை இன்னொரு ரகம். அதற்கும் கீழே, சில பகுதி பழுதாகி மீதி நன்றாக இருக்கிற சிப்களும் விற்பனைக்கு வரும். மைக்ரான் அப்படிப்பட்ட சரக்கை விற்பதற்கென்றே ஸ்பெக்டெக் என்று தனிப் பெயர் வைத்திருக்கிறது. பெரிய மாட்யூல் கம்பெனிகள் சிப்பாக வாங்காமல் வேஃபராகவே வாங்கி, தைவானிலேயே பேக்கேஜிங் செய்கிற கம்பெனிகளிடம் கொடுத்து வெட்டி மூடி எடுத்துக்கொள்வதும் உண்டு. அதனால்தான் சில ராமில் சிப்பின் மேல் ஹைனிக்ஸ், சாம்சங் என்று போட்டிருக்கும், சிலவற்றில் ராம் விற்கிற கம்பெனியின் பெயரே போட்டிருக்கும். சொந்தப் பெயர் போட்டிருந்தாலே மட்டமான சரக்கு என்று சொல்ல முடியாது. முதல் சோதனையைச் செய்தவன் யார், கடைசிச் சோதனையைச் செய்தவன் யார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அது வாங்குகிற நமக்கு வெளியிலிருந்து தெரியவே தெரியாது, ஆக மாட்யூல் கம்பெனியின் பெயருக்கு மதிப்பு இருக்கிறதென்றால் அது அந்தக் கடைசிச் சோதனைக்கான மதிப்பு.

ஏடேட்டாவைப் பற்றி. 2001 மே மாதம் தொடங்கிய கம்பெனி. தொடங்கியவர் சென் லி-பாய், வெளியில் சைமன் சென் என்றால் தெரியும், இன்றும் தலைவர் அவர்தான். தலைமையகம் தைபேக்குப் பக்கத்திலேயே நியூ தைபே நகரின் சோங்ஹே பகுதியில். சீனப் பெயர் வெய்காங். லோகோவில் ஒரு ரீங்காரச் சிட்டு இருக்கும், அதை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். கேம் ஆடுகிறவர்களுக்காக 2008-இலிருந்து எக்ஸ்பிஜி என்று தனிப் பெயரில் விற்கிறார்கள், கடையில் எக்ஸ்பிஜி என்று பார்த்தால் அதுவும் இவர்கள்தான். ராம் மாட்யூல் விற்பனையில் கிங்ஸ்டனுக்கு அடுத்த இடத்தில் பல வருடம் இருந்த கம்பெனி. ஆனால் அந்த இரண்டாவது இடத்தைக் கேட்டு மலைக்க வேண்டாம், ஏனென்றால் கிங்ஸ்டன் ஒருவரே சந்தையின் பெரும்பங்கை வைத்திருக்கிறார், மிச்சத்தைத்தான் மற்ற எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

கிங்ஸ்டன் தைவான் கம்பெனி என்று நிறைய பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இல்லை, கலிஃபோர்னியாவில் 1987-இல் தொடங்கியது. ஆனால் தொடங்கிய ஜான் டூ, டேவிட் சன் இருவருமே தைவானில் வளர்ந்தவர்கள். அந்தச் சமயத்தில் பலகையின் மேல் ஒட்டுகிற புது ரகச் சிப்புக்குப் பஞ்சம் வந்தது. கால் நீட்டிய பழைய ரகச் சிப்கள் சும்மா கிடந்தன. அவற்றை வைத்தே ஒரு மாட்யூல் வடிவமைத்தார் சன். கம்பெனி பிறந்ததே அப்படித்தான். பஞ்சம் வந்தால் பிழைப்பு என்பது இந்தத் தொழிலின் ரத்தத்திலேயே ஊறியது.

தைவானில் இத்தனை மாட்யூல் கம்பெனிகள் ஏன்? டிரான்சென்ட் 1988, டீம் குரூப்பும் ஏபேசரும் 1997, ஏடேட்டா 2001, சிலிக்கான் பவர் 2003 என்று வரிசையாக வந்திருக்கிறார்களே? காரணம் ரொம்பச் சாதாரணம். ஏசுஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ என்று உலகத்தின் மதர்போர்டுகளில் பெரும்பகுதியை வடிவமைத்தது அந்தத் தீவுதான். பலகை அச்சடிக்கிறவர், சிப் ஏற்றுகிற எந்திரம் வைத்திருப்பவர், கனெக்டர் விற்கிறவர், எல்லாரும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இருந்தார்கள். புது மதர்போர்டு வந்த அன்றைக்கே அதில் ராமைச் செருகிப் பார்த்துவிடலாம். செய்த சரக்கை விற்க வெகுதூரம் போக வேண்டாம், தைபேயின் குவாங்ஹுவா சந்தை இருக்கிறது, நம்ம சென்னை ரிச்சி தெரு மாதிரி, என்ன, இன்னும் கொஞ்சம் ஒழுங்காக ஒரு பெரிய கட்டடத்துக்குள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தைவான் சொந்தமாக டிராம் சிப் செய்து கொரியாவை ஒரு கை பார்க்க வேண்டும் என்று ரொம்பவே ஆசைப்பட்டது. நான்யா, பவர்சிப், புரோமாஸ் என்று ஆலைமேல் ஆலையாகக் கட்டினார்கள். 2008-க்குப் பிறகு விலை அதல பாதாளத்துக்குப் போனது. 2009 தொடக்கத்தில் ஜெர்மனியின் கிமோண்டா திவால், 2012 பிப்ரவரியில் ஜப்பானின் எல்பிடா திவால். தைவான் அரசே எல்லாரையும் ஒன்று சேர்த்து ஒரு தேசிய மெமரி கம்பெனி கட்டலாம் என்று 2009-இல் திட்டம் போட்டது, அது கரையேறவில்லை. பவர்சிப் பங்குச் சந்தையிலிருந்தே 2012-இல் விலக்கப்பட்டது, பிறகு சிப் செய்து கொடுக்கும் ஆலையாக வேஷம் மாறி 2021-இல்தான் திரும்பி வந்தது. இன்று தைச்சுங்கிலும் தாவ்யுவானிலும் பெரிய டிராம் ஆலைகள் ஓடுகின்றன, ஆனால் அவை மைக்ரானுடையவை. பல்லாயிரம் கோடி போட்டுச் சுரங்கம் தோண்டியவர்கள் பெரும்பாலும் மூழ்கினார்கள், பட்டறை போட்டு உட்கார்ந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். "வாங்கி ஒட்டுகிறவன்" என்று உங்கள் நண்பர் இளக்காரமாகச் சொன்னாரே, அந்த ஒட்டுகிற வேலைதான் ஏடேட்டாவை இத்தனை வருடம் காப்பாற்றியது.

அடுத்து விலைக்கு வருகிறேன். மாட்யூல் கம்பெனி என்பது வெளியில் பார்க்க எலெக்ட்ரானிக்ஸ், உள்ளே பருத்தி மண்டி மாதிரி. நல்ல விலைக்குச் சிப் வாங்கி கோடவுனில் வைப்பதுதான் லாபமும் நஷ்டமும். ஜனவரியில் வாங்கிய சிப் மார்ச்சில் இரண்டு மடங்கானால் கை காலை அசைக்காமலேயே லாபம், பாதியானால் பலகையில் ஏற்றி விற்றாலும் ஓட்டை அடைபடாது. தைபேயிலேயே டிராம் எக்ஸ்சேஞ்ச் என்று ஒரு அமைப்பு 2000-இலிருந்து அன்றாட விலையை வெளியிட்டு வருகிறது, இப்போது அது டிரெண்ட்ஃபோர்ஸின் கீழ் இருக்கிறது. நாம் காலையில் தங்கம் என்ன விலை என்று பார்க்கிற மாதிரி அங்கே இதைப் பார்ப்பார்கள். 1999 செப்டம்பர் 21 அன்று தைவானில் வந்த பெரிய நிலநடுக்கத்தில் சிஞ்சு பகுதி ஆலைகளுக்கு மின்சாரம் போனது, உலகம் முழுக்க ராம் விலை தாறுமாறாக ஏறியது. 2013 செப்டம்பரில் சீனாவின் வூஷி நகரில் ஹைனிக்ஸ் ஆலை தீப்பிடித்தது, மறுபடி ஏற்றம்.

இந்த முறை நிலநடுக்கமும் இல்லை, தீயும் இல்லை, ஏஐ. ஏஐ சர்வர்களில் கணக்குப் போடுகிற ஜிபியு சிப்புக்குப் பக்கத்தில் எச்பிஎம் என்று அடுக்கடுக்காக வைத்த ஒரு வகை டிராம் வேண்டும். ஒரே அளவு மெமரிக்கு அது சாதாரண டிடிஆர்5-ஐவிட மூன்று மடங்கு வேஃபரைத் தின்கிறது என்று மைக்ரானே கணக்குச் சொல்லியிருக்கிறது. லாபமும் அங்கேதான். ஆக மூன்று பெரியவர்களும் ஆலையை அந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள், கூடவே பழைய டிடிஆர்4-ஐ நிறுத்தப் போகிறோம் என்றும் சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான், 2025 நடுவில் பழசான டிடிஆர்4 சிப் புதிய டிடிஆர்5-ஐவிட விலை அதிகம் என்கிற கூத்தெல்லாம் நடந்தது. அந்த வருடக் கடைசியில் டிராம், ஃபிளாஷ், எஸ்எஸ்டி, ஹார்ட் டிஸ்க் நான்குக்கும் ஒரே நேரத்தில் தட்டுப்பாடு வந்ததைத் தன் முப்பது வருட அனுபவத்தில் பார்த்ததில்லை என்று ஏடேட்டாவின் சைமன் சென்னே வெளிப்படையாகப் பேசினார். டிசம்பரில் மைக்ரான், கடைகளில் நாம் வாங்கிக்கொண்டிருந்த தன் குரூஷியல் பிராண்டையே மூடுவதாக அறிவித்தது. சில்லறைக் கடைக்காரனுக்கு விற்பதைவிட டேட்டா சென்டருக்கு விற்பது மேல் என்று சிப் செய்கிறவரே கிளம்பிவிட்டார். "சிப் செய்கிறவன் பிராண்டுதான் வாங்குவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு கதவு சாத்தியாகிவிட்டது. உங்கள் லேப்டாப் டிடிஆர்4 என்பதால் விலை பழையபடி இறங்கட்டும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 8 ஜிபி போதவில்லை என்றால் இப்போதே வாங்கிவிடுங்கள்.

எஸ்எஸ்டி விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகப் பேசுவேன், ஏடேட்டா உட்பட. ராமில் பெரிதாக ஏமாற்ற முடியாது, ஓடினால் ஓடும், இல்லையென்றால் சோதித்துப் பார்த்தால் காட்டிக்கொடுத்துவிடும். எஸ்எஸ்டி அப்படியில்லை. அதற்குள் ஃபிளாஷ் சிப் ஒன்று, அதை மேய்க்கிற கன்ட்ரோலர் ஒன்று, சிலவற்றில் தனியாக ஒரு டிராம் சிப். கன்ட்ரோலரையும் மாட்யூல் கம்பெனிகள் வெளியில்தான் வாங்குகின்றன, பெரும்பாலும் தைவானிலேயே: ஃபைசன், சிலிக்கான் மோஷன், ரியல்டெக். ஃபைசனைத் தொடங்கியவர் புவா கெய்ன் செங், மலேசியாவின் செகின்சான் என்ற சிற்றூர்க்காரர், படிக்கத் தைவான் போனவர் நண்பர்களோடு சேர்ந்து 2000-இல் கம்பெனி தொடங்கி அங்கேயே தங்கிவிட்டார். உங்கள் வீட்டில் கிடக்கும் பென் டிரைவ்களில் ஒன்றிலாவது அவர்கள் சிப் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, வெளியில் என்ன பெயர் போட்டிருந்தாலும்.

பிரச்சினை என்னவென்றால் பெட்டியின் மேல் மாடல் பெயரை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே கன்ட்ரோலரையும் ஃபிளாஷையும் மாற்றிவிடலாம். ஏடேட்டாவின் எக்ஸ்பிஜி எஸ்எக்ஸ்8200 புரோ இதற்கு ஊரறிந்த உதாரணம். 2018-இல் வந்தபோது சிலிக்கான் மோஷனின் எஸ்எம்2262இஎன் கன்ட்ரோலரும் மைக்ரான் ஃபிளாஷும் போட்டிருந்தார்கள், விலைக்கு அருமையான சரக்கு, விமர்சனம் எழுதியவர்கள் எல்லாரும் தூக்கி வைத்துப் பேசினார்கள். அந்த விமர்சனங்களைப் படித்துவிட்டு மக்கள் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 2021 தொடக்கத்தில் பார்த்தால் அதே பெயரில், உள்ளே வேறு வேறு பாகங்கள் போட்ட டிரைவ்கள் கடையில் இருந்தன, சிலவற்றில் அதைவிட மெதுவான எஸ்எம்2262ஜி கன்ட்ரோலர். பெட்டியில் "அதிகபட்சம்" என்று போட்ட வேகம் எல்லாவற்றுக்கும் ஒன்றேதான். மோசமான டிரைவ் என்று சொல்ல மாட்டேன், ஆனால் விமர்சனத்தில் படித்தது வேறு, பையில் வந்தது வேறு. ஏடேட்டாவை மட்டும் திட்டுவதில் நியாயம் இல்லை. அதே வருடம் குரூஷியல் பி2-வில் டிஎல்சி என்ற ஃபிளாஷ் ரகம் இருந்த இடத்தில் அதைவிட மெதுவான கியூஎல்சி ரகம் வந்தது, டபிள்யூடி புளூ எஸ்என்550-இல் ஃபிளாஷ் மாறியது, சாம்சங்கின் 970 ஈவோ பிளஸ்ஸில்கூட கன்ட்ரோலர் மாறியது. இவர்களெல்லாம் சொந்தமாகச் சிப் செய்கிறவர்கள், அல்லது செய்கிறவர்களோடு கூட்டு வைத்திருப்பவர்கள். உங்கள் நண்பர் காதில் இதைப் போட்டுவையுங்கள்.

என் கைக்கே வந்த ஒன்று சொல்கிறேன், பிராண்டு பெயர் வேண்டாம். ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றுக்கு ஆறு மாத இடைவெளியில் ஒரே மாடல் சாட்டா எஸ்எஸ்டி (பழைய ஹார்ட் டிஸ்க் மாட்டுகிற அதே இணைப்பில் மாட்டுவது) இரண்டு வாங்கிப் போட்டோம். முதலாவது பறந்தது. இரண்டாவதில் பேக்கப் எடுக்க ஆரம்பித்தால் முதல் முப்பது நாற்பது ஜிபி வரைக்கும் ஓடும், அப்புறம் பழைய ஹார்ட் டிஸ்க்கைவிட மோசமாக நகரும், காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் அதே இடத்தில் நிற்கும். பொறுக்க முடியாமல் இரண்டையும் திறந்தேன். வெளியில் அதே அலுமினியக் கூடு, அதே ஸ்டிக்கர். ஒன்றுக்குள் கூட்டின் பாதியை நிறைக்கிற பலகை, நான்கு ஃபிளாஷ் சிப், ஒரு டிராம் சிப். இன்னொன்றுக்குள் தீப்பெட்டி அளவுப் பலகை, இரண்டே சிப், டிராம் இருக்க வேண்டிய இடம் காலி. டீலரிடம் போனில் கேட்டேன். "மாடல் நம்பர் ஒண்ணுதானே சார்" என்றார். அவரைச் சொல்லி என்ன செய்வது.

அதனால் எஸ்எஸ்டி வாங்கும்போது பெயரைப் பார்ப்பதைவிட இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, எத்தனை வருட வாரண்டி, எத்தனை டிபிடபிள்யூ. டிபிடபிள்யூ என்பது மொத்தம் எத்தனை டெராபைட் எழுதும் வரைக்கும் கம்பெனி பொறுப்பு ஏற்கிறது என்கிற கணக்கு, வருடமோ அளவோ எது முதலில் முடிகிறதோ அதோடு வாரண்டி முடியும். மேலே சொன்ன எஸ்எக்ஸ்8200 புரோவின் 1 டிபி மாடலுக்கு 5 வருடம், 640 டெராபைட். வகுத்துப் பார்த்தால் தினமும் 350 ஜிபி எழுத வேண்டும், வீட்டில் யாரும் அதில் பத்தில் ஒரு பங்குகூட எழுத மாட்டோம். ஆகவே அந்த எண் உங்களுக்குத் தேவைப்படப் போவதில்லை, ஆனால் கம்பெனிக்குத் தன் சரக்கின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று அது காட்டிக்கொடுக்கும். 3 வருடம் மட்டும் போட்டு டிபிடபிள்யூவைப் பொடி எழுத்தில் ஒளித்துவைத்திருந்தால் அது மலிவு ரகம். இரண்டாவது, அண்மையில் வாங்கியவர்கள் என்ன சொல்கிறார்கள். மூன்று வருடத்துக்கு முந்தைய விமர்சனத்தால் பிரயோஜனம் இல்லை. உங்கள் லேப்டாப்பில் எம்.2 என்ற சின்ன ஸ்லாட் இருந்து, அது சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ ரக டிரைவை ஏற்குமானால் அதையே வாங்குங்கள். வெறும் சாட்டா மட்டும்தான் என்றால் விலை குறைந்த மாடலே போதும், ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வருகிறவருக்கு எந்த எஸ்எஸ்டியும் சொர்க்கம்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு வேலை. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலைப் போட்டு, டிரைவ் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதிது என்று வாங்கியது 900 மணி நேரம் ஓடியிருந்தால் அன்றைக்கே கடைக்குத் திரும்பிப் போங்கள். பென் டிரைவும் மெமரி கார்டும் என்றால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச நிரலை வைத்து முழுக்க எழுதிப் படித்துப் பார்த்துவிட வேண்டும், 64 ஜிபி என்று காட்டிக்கொண்டு உள்ளே 8 ஜிபி இருக்கிற போலிகள் எல்லாப் பெரிய பெயரிலும் சுற்றுகின்றன. அதில் கம்பெனிகளின் குற்றம் ஒன்றுமில்லை, அவர்கள் பெயரைப் போட்டு வேறு யாரோ அடிக்கிறார்கள். ராமுக்கு மெம்டெஸ்ட்86 என்ற சோதனை நிரலை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிடுங்கள், ஒரே ஒரு பிழை சிவப்பில் வந்தாலும் மாற்றிவிடுங்கள், ஒன்றுதானே என்று விடாதீர்கள். ராமுக்கு இந்த பிராண்டுகள் பெரும்பாலும் ஆயுள் வாரண்டி கொடுக்கின்றன. பில்லையும், ராமின் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நான்கு வருடத்தில் அந்த எழுத்து மங்கிப்போகும்.

சரி, ஏடேட்டா ராம் வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். பழைய 8 ஜிபி வேறு பிராண்டாக இருந்தாலும் பரவாயில்லை, இரண்டும் டிடிஆர்4, 1.2 வோல்ட் என்றால் ஒத்துப்போகும், வேகம் வேறு வேறாக இருந்தால் இரண்டும் மெதுவானதன் வேகத்துக்கு இறங்கி ஓடும். எக்ஸ்பிஜியில் வேகம் 3600 என்றெல்லாம் போட்டு விற்கிற டெஸ்க்டாப் ராமைப் பார்த்து மயங்க வேண்டாம், அது லேப்டாப்பில் நுழையவே நுழையாது, உங்களுக்கு வேண்டியது லேப்டாப்புக்கான சாதாரண 3200. டிடிஆர்5-ஐத் தவறுதலாக வாங்கிவிட்டாலும் பள்ளம் வேறு இடத்தில் இருப்பதால் உட்காராது, அழுத்தி உடைத்துவிடாதீர்கள்.

கடைக்குப் போகும் முன் லேப்டாப்பின் அடிமூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போங்கள். சில மெல்லிய மாடல்களில் இருக்கிற 8 ஜிபி மதர்போர்டிலேயே சாலிடர் செய்திருக்கும், காலி ஸ்லாட்டே இருக்காது. அப்படி இருந்தால் எஸ்எஸ்டி மட்டும் வாங்கிப் போடுங்கள்.